கம்பெனியில் வராத மூச்சிரைப்பு

2024 நவம்பர் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி நாற்பது நிமிடம். காலையிலிருந்து வெயில் முகம் காட்டவில்லை. மேற்கே இருட்டிக்கொண்டு வந்து, நூல் பிசிறு போல மெல்லிய தூறல் விழத் தொடங்கியிருந்தது. மொட்டை மாடிக் கொடியில் கிடந்த துணிகளையும், கைப்பிடிச் சுவர்மேல் நான் காயப்போட்டிருந்த என் தலையணையையும் எடுத்துவரப் படியேறினேன். எங்கள் வீட்டு மாடிக்கு இருபத்திரண்டு படிகள். பதினான்காவது படியில் உட்கார்ந்துவிட்டேன். உட்காரலாம் என்று நான் முடிவு செய்யவில்லை. உள்ளே போன மூச்சு பாதியில் நின்றது, கால்கள் தாமாக மடங்கின.

கீழேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

"ஏனுங்க, துணி நனையுதுங்க. அங்க உக்காந்து படி எண்றீங்களா?"

"பதினாலு" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவள் சிரித்தாள். கல்யாணமாகி நாற்பத்தாறு வருடமாக நான் எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பதைப் பார்த்தவள். இதுவும் அப்படித்தான் என்று நினைத்திருப்பாள். பிறகு படிக்கட்டில் எட்டிப் பார்த்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டு மகனைக் கூப்பிட்டாள். அவன் என்னைத் தோளில் சாய்த்துக் கீழே இறக்கினான். துணியெல்லாம் நனைந்துவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மகன் தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"நாளைக்குக் கம்பெனி தொறக்கறோம். நீங்க வர வேண்டாமுங்கப்பா."

"ஏன்?"

"ஏன்னு கேக்கறீங்களே! நாப்பது வருசமாப் பஞ்சு தின்ன ஒடம்பு. போதுமுங்க. ஊட்டுல இருங்க."

கம்பெனி என்று அவன் சொல்வது திருப்பூர் வீரபாண்டியில் அவன் நடத்தும் சிறிய பனியன் தைக்கும் இடத்தை. இருபத்துநான்கு மெஷின். நான் பி.காம். படித்துவிட்டு ஓர் ஏற்றுமதிக் கம்பெனி ஸ்டோரில் முப்பத்தோரு வருடம் நூல் மூட்டையும் துணி ரோலும் எண்ணி எடை போட்டவன். அங்கே ஓய்வு கொடுத்த பிறகு மகனுடைய கம்பெனியில் அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்துவந்தேன். சாயம் போட்ட துணி வண்டியில் வந்து இறங்கும். ஒவ்வொரு ரோலையும் எலெக்ட்ரானிக் தராசில் வைத்து, பில்லில் இருக்கும் எடையோடு சரிபார்த்த பிறகுதான் துணி கட்டிங்குக்குப் போகும். தராசுக்குப் பக்கத்தில் என் ஸ்டூல். அந்த ஸ்டூலிலிருந்து என்னை எழுப்பி வீட்டில் உட்காரவைப்பது என்றால் அதன் பொருள் என்ன என்று எனக்குத் தெரியும். என் வயதுக்காரர்கள் பலர் அப்படி உட்கார்ந்து, ஒரே வருடத்தில் சுவரில் மாலை போட்ட படமாகிவிட்டார்கள்.

"காரணம் தெரியாம நான் வேலையிலிருந்து நிக்க மாட்டேன்" என்றேன். "மூச்சு ஏன் வாங்குதுன்னு யாராச்சும் சொல்லட்டும். சொன்னா, நிக்கறேன்."

காரணம் சொல்ல ஆட்களுக்கா பஞ்சம்? முதல் மருத்துவர் எங்கள் தெருமுனையிலேயே இருப்பவர். நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, "வயசு என்ன?" என்றார். எழுபத்துமூன்று என்றேன். "அதுதாங்க" என்று சொல்லி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்தில் மூச்சே சரியாகிவிட்டது போலிருந்தது. எழுபத்துமூன்று என்பது என் வயது. போன மாதமும் எனக்கு எழுபத்துமூன்றுதான், அப்போது இதே இருபத்திரண்டு படிகளை இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு ஏறினேன். வயது ஒரே மாதத்தில் இப்படிப் பாயுமா? வயதை நோய்க்குப் பெயராக வைக்கிறவர் மருத்துவம் படித்திருக்கவே வேண்டியதில்லை, பிறப்புச் சான்றிதழைப் படிக்கத் தெரிந்தால் போதும். இதை அவரிடமே சொன்னேன். மனைவி என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாள்.

இரண்டாமவர் இதய மருத்துவர். அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூச்சு வாங்குவதற்கு இதயம் காரணமாக இருக்கலாம், ரத்தம் குறைந்தாலும் வாங்கும், தைராய்டு கெட்டாலும் வாங்கும், நுரையீரலில் ரத்தம் கட்டினாலும் வாங்கும், மனத்தில் வெசனம் இருந்தாலும் வாங்கும் என்று விரல்விட்டுச் சொன்னார். எனக்குப் பிடித்த மாதிரி பேசினார். ஒவ்வொன்றாகச் சோதித்து ஒவ்வொன்றாக அடித்தார். இதயம் நன்றாக இருக்கிறது, ரத்தம் நன்றாக இருக்கிறது. கடைசியில் மிஞ்சியது வெசனம். "ரொம்பக் கவலைப்படுவீங்களோ?" என்று கேட்டார். என் மனைவி எனக்கு முன்னால் தலையாட்டினாள்.

"எண்ணி எண்ணியே மூச்சுப் போவுதுங்க இவருக்கு" என்று அவரிடம் வேறு சொன்னாள்.

மூன்றாமவர் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. "என்ன வேலை?" என்றார். பனியன் கம்பெனி என்றதும் பேனாவை மூடிவிட்டார். திருப்பூரில் யாருக்கு இருமல் வந்தாலும் பஞ்சின்மேல் பழி போட்டால் வேலை முடிந்தது. பஞ்சுத் தூசி ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. அதனால் நெஞ்சு கெட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் பஞ்சுதான் என்றால் அதற்கு ஒரு கணக்கு வேண்டும். தீபாவளிக்குக் கம்பெனி மூடிப் பதின்மூன்று நாள் ஆகியிருந்தது. அந்தப் பதின்மூன்று நாளும் நான் வீட்டில்தான் இருந்தேன். பஞ்சே படாத நாட்களின் கடைசியில்தான் பதினான்காவது படியில் உட்கார்ந்தேன். இதைச் சொன்னபோது அவர் மகனைப் பார்த்துச் சிரித்தார். மகனும் சிரித்தான்.

ஆகவே வீட்டில் இருந்தேன். தூசி ஆகாது என்று சொன்னதால் மருமகள் ஜன்னல் திரைகளைக் கழற்றித் துவைத்தாள். வீட்டில் கம்பெனிப் பொருள் என்று மிச்சமிருந்தது என் தலையணை ஒன்றுதான். எங்கள் ஊரில் இலவம் பஞ்சுத் தலையணை அபூர்வம். கட்டிங்கில் விழும் பனியன் துண்டுகளைத்தான் வேஸ்ட் என்று கிலோக் கணக்கில் வாங்கி உறையில் திணித்து, நான்கு பக்கமும் பிரிக்க முடியாதபடி ஓவர்லாக் தையல் அடித்துவிடுவோம். என்னுடையதும் அப்படிச் செய்ததுதான். இலவம் பஞ்சை யாரும் தண்ணீரில் போடமாட்டார்கள். பனியன் துண்டு துணிதானே, துணியை ஏன் துவைக்கக் கூடாது? நான் அதை வாரம் ஒரு முறை வாளியில் ஊறவைத்து, மிதித்து அலசி, வாசனைத் திரவத்தில் முக்கி மாடியில் போடுவேன். தூசி என்று மருத்துவர் சொன்ன பிறகு வாரம் இரண்டு முறையாக்கினேன். இரவில் தலைக்கு, பகலில் நாற்காலியில் முதுகுக்கு.

ஓய்வு எடுக்க எடுக்க மோசமானேன். பல் துலக்கும்போது இரைத்தது. வேட்டி கட்டும்போது இரைத்தது. வறட்டு இருமல் வந்தது, மாலையில் லேசாக உடம்பு சுட்டது. மகன் அதையெல்லாம் பார்த்துவிட்டு, "நல்லவேளை, கம்பெனிக்குப் போகலீங்க. போயிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றான்.

அன்றே முடிவு செய்தேன். மறுநாள் மகன் கிளம்பிப் போன பிறகு, மனைவி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, டவுன் பஸ் ஏறி வீரபாண்டிக்குப் போனேன். கம்பெனி மாடியில் இருக்கிறது, பதினெட்டுப் படிகள். நான்கு இடத்தில் நின்று நின்று ஏறினேன். மகன் என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். நேராகப் போய் என் ஸ்டூலில் உட்கார்ந்து ரோல்களை நிறுத்தேன். சுற்றிலும் மெஷின் ஓடியது, பஞ்சு பறந்தது, என் புருவத்தில் வெள்ளையாகப் படிந்தது. மூன்றரை மணிக்கு டீ குடிக்கக் கீழே இறங்கி, திரும்பி ஏறினேன். ஒரே ஒரு இடத்தில்தான் நின்றேன்.

மகனைக் கூப்பிட்டு, "காலையில நாலு தரம் நின்னேன். இப்ப ஒருக்கா. கணக்குப் போட்டுக்க" என்றேன்.

"வீராப்புக்கு ஏறிக் காட்டறீங்கப்பா."

"வீராப்புல படி ஏறலாம் கண்ணு. மூச்சு விட முடியுமா?"

அடுத்த நாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். ஒவ்வொரு நாளும் காலையில் மோசம், மாலையில் நலம். ஞாயிறு வீட்டில் இருந்தேன், திங்கள் காலை எல்லாவற்றையும்விட மோசம். ஊரெல்லாம் பனியன் கம்பெனி மூச்சைப் பிடுங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருக்க, நான் ஒருவன் மூச்சு வாங்கிக்கொள்வதற்காகக் கம்பெனிக்குப் பஸ் ஏறினேன். சொன்னால் யார் நம்புவார்கள்?

கோயமுத்தூரில் ஒரு மருத்துவர் நம்பினார். நுரையீரல் மருத்துவர், என் பேத்தி வயதிருக்கும். மகன்தான் அழைத்துப் போனான், என் வாயை அடைப்பதற்காக. அவர் ஸ்கேன் எடுக்கச் சொல்லி, படத்தை விளக்குக்கு முன் மாட்டிப் பார்த்தார்.

"கண்ணாடி ஜன்னல்ல ஆவி படிஞ்ச மாதிரி அங்கங்க மங்கலா இருக்கு பாருங்க" என்றார். பிறகு வேறு யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார். "எந்த இடத்துல இருந்தா உங்களுக்கு நல்லா இருக்கு?"

"கம்பெனியிலீங்க."

மகன் பெருமூச்சு விட்டான். மருத்துவர் விடவில்லை. நாளும் நேரமும் படிகளும் சொல்லச் சொல்லக் கவனமாகக் கேட்டார். பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சு நோய் என்றால் லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள்தான் அங்கே மூச்சை இறுக்கும், வீட்டில் இருந்தால் தளரும் என்றார். என்னுடையது நேர் தலைகீழ்.

"உங்க வீட்டுல ஏதோ ஒண்ணு இருக்கு. சில பேருக்குப் புறா எச்சத்தோட தூள் ஆகாது, சில பேருக்கு ஏர்கூலர் தண்ணி, சில பேருக்குப் பூசணம். நுரையீரல் கோவிச்சுக்கும். அத விலக்காம மாத்திரை மட்டும் குடுத்தா பிரயோஜனம் இல்ல. கண்டுபிடிச்சிட்டு வாங்க."

திரும்பி வரும்போது காரில் மகனிடம் சொன்னேன்.

"பத்து நாள் குடு. நான் கண்டுபிடிக்கறேன். அதுவரைக்கும் கம்பெனிக்கு வருவேன்."

"கண்டுபிடிக்கலீன்னா?"

"பத்தாம் நாள் சாயங்காலம் கம்பெனிப் படி ஏறறேன். நிக்காம ஏறினா, என்ற ஸ்டூல் எனக்கு. நின்னேன்னா, நீ சொல்றபடி ஊட்டோட இருந்துக்கறேன்."

"சத்தியமாவா?" என்றான். சத்தியமாக என்றேன். சாயங்காலங்களில் நான் தேறிவிடுகிறேன் என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில் கொடுத்த வாக்கு.

புறா எங்கள் வீட்டில் இல்லை. ஏர்கூலர் இல்லை. பூசணத்தைத் தேடினேன். குளியலறைச் சுவர், அரிசி டிரம், சமையலறைப் பலகை, பரணில் இருந்த பழைய பாய், வெங்கலப் பாத்திரம் கட்டிவைத்த சாக்கு, அத்தனையும் இழுத்துப்போட்டேன். மருமகள் பொறுமையிழந்து, "மாமா, இந்த ஊட்டுல இனி என்னையத்தானுங்க ஒதறிப் பாக்கலை" என்றாள். மனைவி கேட்ட கேள்விதான் என்னை அதிகம் உறுத்தியது.

"ஏனுங்க, நானும் இதே ஊட்டுலதான இருக்கறேன்? இதே சோறு, இதே காத்து. எனக்கு ஏன் ஒண்ணும் பண்ணலை?"

அவள் தலையணையே வைக்காமல் படுக்கிறவள். அதை நான் அப்போது யோசிக்கவில்லை. வாரம் இரண்டு தடவை அலசுகிற பொருளைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் மிகச் சுத்தமானது அதுதான் என்று நினைத்தேன்.

பரணில் ஏறி இறங்கியதில் ஒன்பதாம் நாள் முதுகு பிடித்துக்கொண்டது. பத்தாம் நாள் காலையில் ஸ்டூலில் உட்கார முடியாது என்று தோன்றவே, மனைவி தலையணையை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். கம்பெனியில் சுவரோரம் ஸ்டூலை நகர்த்தி, தலையணையை முதுகுக்கு அண்டைகொடுத்து உட்கார்ந்தேன். இரண்டு நாள் முன்புதான் அலசியது, வாசனை கமகமவென்று வந்தது.

மதியம் வரை ஒன்றும் தெரியவில்லை. மூன்று மணிக்கு மேல் இருமினேன். வழக்கமாக நெஞ்சு லேசாகும் நேரம் அது; அன்று கனத்தது. மகன் நாலரைக்கு வந்து நின்றான்.

"பாக்கலாமுங்களாப்பா?"

கீழே இறங்கினேன். மேலே கைப்பிடியைப் பிடித்தபடி தையல்காரர்கள் சிலர் வேடிக்கை பார்த்தார்கள். செக்கிங்கில் வேலை செய்யும் ராமநாதபுரத்து அம்மாள், "ஏறுங்கய்யா, நாங்க இருக்கோம்ல" என்று கூவினாள். ஏறினேன். ஏழு வரை எண்ணினேன். எட்டில் கண் இருட்டியது. ஒன்பதாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மகன் இறங்கி வந்து என் கையைப் பிடித்தான். அவன் முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. பயந்திருந்தான்.

"இங்கயும் வந்துருச்சு பாத்தீங்களா? போதுமுங்கப்பா. வாங்க, ஊட்டுக்குப் போலாம்."

மீதி ஒன்பது படிகளை அவன் தோளில் சாய்ந்து ஏறினேன், செருப்பையும் சாப்பாட்டுக் கேரியரையும் எடுத்துக்கொள்ள. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். அந்த அம்மாள் என் சாமான்களை எடுத்துவைக்க உதவினாள். பையை விரிக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் தலையணையைப் பக்கத்தில் இருந்த தராசின்மேல் போட்டாள்.

"என்னய்யா தலகாணி இந்தக் கனம் கனக்குது? உள்ள கல்லா வச்சுத் தச்சிருக்கீக?"

தராசில் எதைப் போட்டாலும் என் கண் எண்ணுக்குப் போய்விடும். அது பழக்கம். சிவப்பு எழுத்தில் 2.310 என்று நின்றது.

"எடுக்காதீங்க" என்றேன்.

"அப்பா, மூச்சு வாங்கறப்பவுமா எடை பாக்கோணும்?"

"எடுக்காதீங்கன்னு சொன்னேன்."

ஆறு வருடத்துக்கு முன் அந்தத் தலையணையை இதே தராசில்தான் நிறுத்தேன். ஒரு கிலோ அறுநூற்றைம்பது. துணி தானாக எடை ஏறாது. பில்லைவிடக் கூடுதல் எடையில் ரோல் வந்தால் ஸ்டோர்க்காரன் சந்தோஷப்படமாட்டான். ரோலின் நடுவில் கையை விடுவான், ஏனென்றால் கூடுதல் எடை தண்ணீர். மேலே தொட்டால் மொறுமொறுவென்று காய்ந்திருக்கும். உள்ளே ஈரம் ஒளிந்திருக்கும். முப்பத்தோரு வருடம் நான் சண்டை போட்டு வண்டிகளைத் திருப்பி அனுப்பியதெல்லாம் இந்த ஒரு காரணத்துக்காகத்தான். இங்கே என் கண்முன் அறுநூற்று அறுபது கிராம் தண்ணீர், நான்கு பக்கமும் ஓவர்லாக் அடித்து என் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.

"கத்தரி" என்றேன்.

மகன் கட்டிங் மேஜையிலிருந்து எடுத்துவந்து தானே வெட்டினான். மேலே இருந்த துண்டுகள் வெள்ளையாக, காய்ந்து இருந்தன. நான்கு விரல் உள்ளே போனதும் துண்டுகள் கட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தன. சாம்பல் நிறம், அதற்குள் கறுப்பு, கறுப்பின்மேல் பச்சையாகப் பொடி. வாசனைத் திரவத்தைத் தாண்டி ஒரு வீச்சம் கிளம்பியது. மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான்.

"ஏ யாத்தே" என்றாள் அந்த அம்மாள். "இது தலகாணியா, தவளக் கெடங்கா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரிக்கப் பார்த்து, இருமி, ஸ்டூலில் உட்கார்ந்தேன். அந்த நிலையிலும் சொன்னேன்: "பத்தாம் நாள் இன்னும் முடியலை. கண்டுபிடிச்சாச்சு."

வெட்டிய தலையணையை மகன் எடுத்த போட்டோவைப் பார்த்த கோயமுத்தூர் மருத்துவர், "இதத் தலைக்கடியில வச்சுட்டா ஊரெல்லாம் காரணம் தேடினீங்க?" என்று கேட்டுவிட்டு, ஆறு வாரத்துக்கு மாத்திரை எழுதினார். தலையணை போன முதல் வாரத்திலேயே வேட்டியை இரைக்காமல் கட்டினேன். அலசத் தெரிந்த எனக்குக் காயவைக்கத் தெரியவில்லை என்று மனைவி தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். சொல்லட்டும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் சூரியன் வராததற்கு நான் பொறுப்பில்லை.

மகன் மட்டும் விடவில்லை. "எப்படிப் பாத்தாலும் பஞ்சுதானுங்களே காரணம்? நான் மொதல்லயே சொன்னனே" என்றான்.

"பஞ்சு இல்ல கண்ணு. தண்ணி" என்றேன். "கம்பெனியில இருக்கற பஞ்சு காஞ்ச பஞ்சு. என்னைய நீ ஊட்டுல உக்கார வெச்சு, நாளெல்லாம் முதுகுல ஈரத்தைக் கட்டிவிட்டே."

பொங்கல் முடிந்து கம்பெனி திறந்த அன்று பதினெட்டுப் படிகளையும் நிற்காமல் ஏறினேன். என் ஸ்டூலில் உட்கார்ந்து முதல் ரோலைத் தராசில் வைக்கச் சொன்னேன். பில்லைவிட நானூறு கிராம் கூடுதல். நடுவில் கையை விட்டுப் பார்த்து, வண்டியைத் திருப்பி அனுப்பினேன். மகன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது நானும் தலையணை இல்லாமல்தான் படுக்கிறேன். வைத்தியச் செலவை ஒருவரிடமும் வாங்கவில்லை, என் சேமிப்பிலிருந்து கொடுத்தேன். எனக்கு வயதாகிவிட்டது என்று எனக்கே சொன்னதற்கு அந்த முதல் மருத்துவர் வாங்கிய முந்நூறும், ஆறு வருடத்துக்கு முன் அந்த வேஸ்டுக்காக மகனுடைய கல்லாவில் கிலோ முப்பது வீதம் நான் எண்ணிவைத்த நாற்பத்தொன்பதரை ரூபாயும் உட்பட, மொத்தம் இருபத்திரண்டாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றைந்து ரூபாய் ஐம்பது காசு.